நாற்பதாண்டுக் கடலும் நான்கு ஜிகாபைட் கணிப்பொறியும்

ஓர் அறிவியல் கருவியை மதிப்பிடும்போது அது என்னென்ன செய்யவல்லது என்று பார்ப்பது வழக்கம். அதை யாருடைய மேசையின்மேல் வைத்துச் செய்ய முடியும் என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. பைத்தான் கணிப்பொறி மொழியில் பெரிய எண் தொகுதிகளைக் கையாளுவதற்கென்று வளர்ந்துள்ள கருவிகளை இந்த இரண்டாவது கேள்வியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம்பை, எக்ஸ்-அரே, டாஸ்க், ஸார் ஆகிய நான்கும் இன்று உலகெங்கும் வானிலை, கடலியல் மாணவர்களின் கையில் உள்ளவை, இலவசமாகக் கிடைப்பவை. இவற்றைக் குறை கூறுவது எளிதன்று. ஆனால் கூற வேண்டிய குறைகள் சில உண்டு.

பொதுவாகப் பேசினால் விஷயம் பிடிபடாது. ஒரு குறிப்பிட்ட ஊரை எடுத்துக்கொள்வோம். இராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரையில், கீழக்கரைக்குக் கிழக்கே இருக்கிறது பெரியபட்டினம். எதிரே கடலில் கீழக்கரைத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த அப்பா தீவு, தலையாரித் தீவு, வாலைத் தீவு முதலியவை உள்ளன. இத்தீவுகளைச் சூழ்ந்து பவளப் பாறைகள். 1986-ல் தேசியக் கடல் பூங்காவாகவும் 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட பகுதி இது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே பவளங்கள் கடுமையாக வெளுத்தன. கோடையில் கடல்நீர் 30 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சில வாரங்கள் அப்படியே நிற்குமானால், பவள உயிரி தன் உடலுக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறமும் உணவும் ஒருசேரப் போய்விடுகின்றன. பாறை செத்தால் பாறை மீன் இல்லை. அதை நம்பி வலை வீசும் கரையோரக் குடும்பங்களுக்கு இது வெறும் ஆராய்ச்சிச் செய்தியன்று.

ஆகவே இவ்வூரிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவி, "எங்கள் கடல் 40 ஆண்டுகளில் எவ்வளவு சூடேறியிருக்கிறது?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. விடைக்கு வேண்டிய எண்களும் இருக்கின்றன. அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிறுவனமான 'நோவா'வின் பவளக் கண்காணிப்புப் பிரிவு, 'கோரல்டெம்ப்' என்ற பெயரில் உலகக் கடல்பரப்பின் வெப்பநிலையை 1985 முதல் நாள்தோறும் தருகிறது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. இடர்ப்பாடு அளவில்தான்.

கணக்கைப் பாருங்கள். பூமிப்பரப்பை 0.05 டிகிரிக் கட்டங்களாக, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். குறுக்கே 7,200, நெடுக்கே 3,600. ஒரு நாளைக்கு 2 கோடியே 59 இலட்சத்து 20 ஆயிரம் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு 4 பைட் என்றால் ஒரு நாள் படம் 104 மெகாபைட். 1985 முதல் 2024 முடிய 40 ஆண்டுகளுக்கு 14,610 நாட்கள். மொத்தம் ஒன்றரை டெராபைட். அந்த மாணவியின் மடிக்கணினியில் 4 ஜிகாபைட் நினைவகம் இருப்பதாகக் கொள்வோம். அதிலும் இயக்க முறைமை தனக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். குடத்துக்குள் ஏரியை அடைக்க முடியுமா?

முடியாதுதான். ஆனால் அடைக்க வேண்டியது ஏரியல்லவே! மன்னார் வளைகுடாக் காப்பகம் கிழக்குத் தீர்க்கம் 78 டிகிரி 12 நிமிடத்திலிருந்து 79 டிகிரி 14 நிமிடம் வரை, வட அட்சம் 8 டிகிரி 47 நிமிடத்திலிருந்து 9 டிகிரி 15 நிமிடம் வரை பரவியது. தாராளமாக 78 முதல் 80 வரை, எட்டரை முதல் ஒன்பதரை வரை ஒரு பெட்டி போட்டால் குறுக்கே 40, நெடுக்கே 20, ஆக 800 கட்டங்கள். 40 ஆண்டுகளுக்கும் சேர்த்து 47 மெகாபைட். இது மடிக்கணினியின் ஒரு மூலைக்குக் காணாது. ஒன்றரை டெராபைட் என்று பயமுறுத்திய பொருள் கேள்வியைச் சரியாகக் கேட்டதும் முப்பதாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் எக்ஸ்-அரேயைப் பாராட்டத்தான் வேண்டும். ஸ்டீபன் ஹோயர் தொடங்கி 2014-ல் வெளியான இக்கருவி, எண் அணியின் ஒவ்வொரு திசைக்கும் பெயர் சூட்டியது. 'மூன்றாவது அச்சில் 5,160-ஆவது வரிசை' என்று எண்ணிக்கொண்டிராமல் 'தீர்க்கம் 78 முதல் 80 வரை' என்று மனிதர் பேசுவதுபோல் கேட்கலாம். கோப்பைத் திறந்தவுடன் அது எண்களை நினைவகத்தில் கொட்டிவிடுவதும் இல்லை. தலைப்பை மட்டும் படித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டிய பகுதியைக் கொண்டுவருகிறது. அதோடு 'எர்டாப்' போன்ற தரவு வழங்கிகளில் பெட்டியின் எல்லைகளைச் சொன்னால் அந்தப் பெட்டியை மட்டுமே வெட்டி அனுப்புவார்கள். முதலில் வெட்டு, பிறகு கணக்கிடு என்ற ஒழுங்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் இதைக் கற்பிக்கும் முறைதான் சரியில்லை என்பேன். எக்ஸ்-அரேயின் பயிற்சிப் பாடங்களில் அடிக்கடி வரும் உதாரணம் வட அமெரிக்காவின் காற்று வெப்பநிலைத் தொகுதி: 2013, 2014 ஆகிய இரண்டே ஆண்டுகள், ஆறு மணிக்கு ஒன்றாக 2,920 நேரங்கள், 25 வரிசை, 53 நிரை. மொத்தம் 38 இலட்சத்து 69 ஆயிரம் எண்கள். எட்டு பைட் கணக்கில் போட்டாலும் 31 மெகாபைட்தான். எந்தக் கணிப்பொறியிலும் எந்தத் தவறான கட்டளையும் இதில் செல்லுபடியாகும். தொட்டித் தண்ணீரில் நீந்தக் கற்றவனைக் கடலில் இறக்கிவிடுவது போன்றதே இது. அடுத்த பாடத்தில் டாஸ்க் வருகிறது. உடனே மேகக் கணினியில் ஐம்பது இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. தொட்டிக்கும் பெருங்கடலுக்கும் நடுவே, ஒற்றை மடிக்கணினியோடு நிற்கும் மாணவனுக்கு எழுதப்பட்ட பக்கங்கள் மிகக் குறைவு.

எண்கள் எப்படிப் பருக்கின்றன?

நினைவகம் தீருவதற்குத் தரவின் பருமன் மட்டும் காரணமன்று. நாம் அறியாமலே அதை ஊத வைக்கிறோம். நமது 800 கட்டங்களின் 40 ஆண்டு எண்களைப் பைத்தானின் சாதாரணப் பட்டியலில் இட்டால் ஒவ்வோர் எண்ணும் 24 பைட் பொருளாகவும், அதைச் சுட்டும் 8 பைட் முகவரியாகவும் 32 பைட்டைப் பிடிக்கும். 47 மெகாபைட் 374 ஆகிவிடும். நம்பையின் அணியில் எண்கள் ஒட்டி ஒட்டி அடுக்கப்படுவதால் 4 பைட்டோடு போயிற்று.

ஊதலின் இன்னொரு வகை கோப்பைத் திறக்கும்போது நேருகிறது. 'மர்' எனப்படும் இன்னொரு வெப்பநிலைத் தொகுதியில் கட்டம் 0.01 டிகிரிதான், 36,000-க்கு 17,999. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 64 கோடியே 80 இலட்சம் கட்டங்கள். இடத்தை மிச்சப்படுத்த அவற்றை 2 பைட் முழு எண்களாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், 0.001-ஆல் பெருக்கி 298.15-ஐக் கூட்டினால் கெல்வின் வெப்பநிலை வரும். எக்ஸ்-அரே இந்தப் பெருக்கலையும் கூட்டலையும் தானே செய்து தருகிறது. நல்லதுதான், ஆனால் துல்லியம் கெடக்கூடாதென்று பல வேளைகளில் விடையை 8 பைட் எண்ணாக ஆக்கிவிடுகிறது. 1.3 ஜிகாபைட்டாக இருந்த ஒற்றை நாள் 5.2 ஜிகாபைட் ஆகிறது. நம் மாணவியின் கணிப்பொறி ஒரே ஒரு நாளில் மூழ்கிவிடும்! நூறில் ஒரு டிகிரிக்கு மேல் நம்பத்தகாத அளவீட்டுக்குப் பதினைந்து இலக்கத் துல்லியம் எதற்கு? 4 பைட் போதுமென்று நாமாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக, இடைக்கால அணிகள். வெப்பநிலையிலிருந்து சராசரியைக் கழித்து, பிறகு எல்லைக்கு மேற்பட்டதைப் பொறுக்கி, பிறகு ஏழால் வகுத்து என்று ஒரே வரியில் எழுதினால், ஒவ்வொரு செயலுக்கும் நம்பை ஒரு புதிய அணியை உண்டாக்குகிறது. மூலம் ஒன்று என்றால் நினைவகத்தில் மூன்று நான்கு நகல்கள் நிற்கும். பழைய அணியின் மேலேயே விடையை எழுதச் சொல்லலாம். எனது கணக்கு இது: கையிருப்பு நினைவகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு துண்டு இருக்கக்கூடாது.

இவ்வளவும் மீறி நினைவகம் தீர்ந்தால் என்ன நடக்கிறது? லினக்ஸ் முறைமை அந்தப் பணியைக் கொன்றுவிட்டு 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல்லைத் திரையில் காட்டும். எந்த வரி, எந்த அணி, எத்தனை ஜிகாபைட் கேட்டது, ஒன்றும் தெரியாது. கருவிகள் நமக்காக எல்லாவற்றையும் மறைத்துச் சுமப்பதன் விலை இது.

அடுக்கின் திசை

பெரியபட்டினத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. இடைக்காலத்தில் இது பெரிய துறைமுகம். இங்கே கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளை ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா 1980-களில் ஆராய்ந்தார். அகழாய்வு என்றாலே கட்டம் கட்டமாகக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் அடுக்கடுக்காக மண். ஓடுகளை எப்படிப் பெட்டியில் வைப்பது? அடுக்குக்கு ஒரு பெட்டி என்று வைத்தால், 'இந்தக் காலத்தில் ஊர் முழுதும் எப்படி இருந்தது' என்று காண ஒரு பெட்டி போதும். 'இந்த ஒரு குழியில் காலந்தோறும் என்ன மாறிற்று' என்று கேட்டாலோ எல்லாப் பெட்டிகளையும் திறக்க வேண்டும். குழிக்கு ஒரு பெட்டி என்று வைத்தால் கதை தலைகீழ்.

வெப்பநிலைத் தரவும் அப்படியே. நாளுக்கு ஒரு கோப்பு என்பது செயற்கைக்கோள் நிலையத்துக்கு வசதி. நாள்தோறும் ஒன்று சேரும். நாளுக்கு ஒரே துண்டாகச் சுருக்கி வைத்த தொகுதியில் நமது 800 கட்டங்களை எடுக்க 14,610 துண்டுகளையும் முழுதாக விரிக்க நேரும். 47 மெகாபைட் விடைக்கு ஒன்றரை டெராபைட் வாசிப்பு. மலேரியா மரபணு ஆராய்ச்சிக்காக ஆக்ஸ்போர்டில் அலிஸ்டர் மைல்ஸ் உருவாக்கிய ஸார் அமைப்பு துண்டின் வடிவத்தை நம் விருப்பத்துக்கு விடுகிறது. 365 நாள், 90 வரிசை, 90 நிரை என்று துண்டாக்குவோம். ஒரு துண்டு 11.8 மெகாபைட். நம் பெட்டி 9 டிகிரி அட்சத்தில் இரு துண்டுகளுக்கிடையே வெட்டுப்படுகிறது. ஆகவே 40 ஆண்டுக்கு 82 துண்டுகள், ஒரு ஜிகாபைட்டுக்கும் உள்ளே. ஆனால் ஒரே ஒரு நாளின் உலகப் படம் வேண்டுமென்றால் 3,200 துண்டுகளைத் திறக்க வேண்டும்: 38 ஜிகாபைட்! இரண்டு கேள்விகளுக்கும் ஒருசேர மலிவான அடுக்கு கிடையாது. தரவு வெளியிடுவோர் தங்கள் வசதிக்கான ஓர் அடுக்கை மட்டும் தந்துவிட்டு, 'தரவு திறந்திருக்கிறது' என்று சொல்வது பாதி உண்மை. ஓர் இடத்தின் நீண்ட காலக் கதையைக் கேட்பவர்கள்தாம் சிறிய கணிப்பொறிக்காரர்கள். அவர்களுக்குத்தான் கதவு இறுகியிருக்கிறது.

டாஸ்க் இல்லாமலே

மாத்யூ ராக்லின் தொடங்கிய டாஸ்க், பெரிய அணியைத் துண்டுகளாக்கி, எந்தத் துண்டுக்கு எந்தப் பணி என்று ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு, பல மையங்களில் பகிர்ந்து செய்கிறது. திறமையான கருவி. ஆனால் நினைவகம் போதவில்லை என்றதும் இதைப் பரிந்துரைப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. துண்டுகளைச் சிறிதாக வெட்டினால் பணிகள் இலட்சக்கணக்கில் பெருகி, வரைபடமே கணிப்பொறியைத் திணற அடிக்கிறது. பெரிதாக வெட்டினால் நான்கு மையங்கள் நான்கு துண்டுகளை ஒரே நேரத்தில் தூக்க, நினைவகம் நான்கு மடங்கு வேகத்தில் தீருகிறது. எந்தப் பக்கம் தவறினோம் என்பது சாம்பலைப் பார்த்துத்தான் தெரியும்.

பல கணக்குகளுக்கு ஒரு சாதாரண சுழற்சி போதும். பவளத்தின் வெப்ப நெருக்கடியை அளக்கும் 'டிகிரி வெப்ப வாரம்' என்ற அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தின் மிகச் சூடான மாதத்தின் வழக்கமான சராசரியைவிட இன்றைய வெப்பநிலை எவ்வளவு கூடுதல் என்று பார்ப்பார்கள். கூடுதல் ஒரு டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். கடந்த 84 நாட்களின் இத்தகைய கூடுதல்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் அளவு கிடைக்கும். 4-ஐத் தொட்டால் வெளுப்பு எதிர்பார்க்கலாம். 8-ஐத் தொட்டால் கடுமையான வெளுப்பும் சாவும்.

உலகம் முழுவதற்கும் இதைச் செய்ய 84 நாள் படங்களையும் நினைவகத்தில் வைத்தால் 8.7 ஜிகாபைட் வேண்டும். தேவையில்லை. கடைக்காரரின் வரவு செலவுப் பேரேடு போதும்: ஓடும் கூட்டுத்தொகை ஒன்று, இன்று வரவு வைக்கும் நாள் ஒன்று, 84 நாளுக்கு முந்தைய செலவு நாள் ஒன்று, வழக்கமான சராசரிப் படம் ஒன்று. இன்றையதைக் கூட்டு; 84 நாளுக்கு முந்தையதை வட்டிலிருந்து மறுபடி படித்துக் கழி. நான்கு படங்கள், ஏறத்தாழ 415 மெகாபைட். நம் மாணவியின் மடிக்கணினியே உலகக் கடல் முழுவதையும் நாள் நாளாக நடந்து முடித்துவிடும். இரவு முழுதும் ஓடலாம், அவ்வளவுதான். பின்னங்களைக் கூட்டிக் கழிப்பதில் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும் என்று அஞ்சுவோர், நூறில் ஒரு டிகிரியை அலகாகக் கொண்ட முழு எண்களில் பேரேட்டை எழுதட்டும். ஒரு காசும் பிசகாது.

அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. 4 பைட் பின்ன எண்ணில் 28 டிகிரி, 28 டிகிரி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். கூட்டுத்தொகை 53 கோடியே 68 இலட்சத்தைத் தாண்டும் இடத்தில் அடுத்தடுத்த எண்களுக்கிடையே இடைவெளி 64 ஆகிவிடுகிறது. 28 அதில் பாதிக்கும் குறைவு, கூட்டினாலும் ஏறாது. 2 கோடிக் கட்டங்களுக்குள்ளேயே கூட்டல் நின்றுவிடும். கோரல்டெம்ப்பின் ஒரு நாள் படமே அதைவிடப் பெரிது. நம்பை தொகுதி தொகுதியாகக் கூட்டி இதைப் பெரும்பாலும் தவிர்க்கிறது, ஆனால் எல்லா அச்சிலும் அல்ல. துண்டுத் துண்டாகக் கூட்டும் நம் சுழற்சியில் கூட்டுத்தொகை மட்டுமாவது 8 பைட்டில் இருக்கட்டும். மரக்கால் சிறியதாகலாம், களஞ்சியம் சிறியதாகக்கூடாது.

இதைவிட மோசமான தவறு நினைவகத்துக்கு அஞ்சிச் செய்வது. பெரிய தொகுதி வேண்டாமென்று, 1981 முதல் கிடைக்கும் 0.25 டிகிரித் தொகுதிக்குப் போகிறார்கள். ஒரு நாளைக்கு 4 மெகாபைட்தான், வசதி. பெரியபட்டினம் ஏறத்தாழ 9.27 டிகிரி வட அட்சத்திலும் 78.9 டிகிரி கிழக்குத் தீர்க்கத்திலும் உள்ளது. 'மிக அருகிலுள்ள கட்டத்தைக் கொடு' என்று எக்ஸ்-அரேயைக் கேட்டால் 9.25 முதல் 9.5 வரையுள்ள கட்டத்தை எடுத்துத் தரும். அந்தக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? இராமநாதபுரம் நகரம் இருக்கிறது. வடக்கே தேவிப்பட்டினம், அதாவது பாக் நீரிணைக் கரை இருக்கிறது. நிலமென்று விட்டிருந்தால் வெற்றிடம் வரும். சராசரி போடும்போது வெற்றிடங்களைக் கருவி ஓசையின்றித் தாண்டிச் செல்லும். எண் வந்தாலோ, அது இரண்டு கடல்களையும் ஒரு தரையையும் கலந்த எண். தெற்கே ஒரு கட்டம் தள்ளி எடுக்க வேண்டும் என்பதை வரைபடத்தை விரித்துப் பார்த்தவர்தான் அறிவார். கருவி எச்சரிப்பதில்லை.

எல்லாவற்றையும் துண்டாக்கிச் சேர்த்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். துண்டுகளின் கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் இருந்தால் மொத்தச் சராசரி கிடைக்கும். பெருமமும் சிறுமமும் கிடைக்கும். ஆனால் துண்டுகளின் நடு எண்களிலிருந்து மொத்தத்தின் நடு எண் கிடைக்காது. கடல் வெப்ப அலையை வரையறுக்கப் பயன்படும் '90-ஆம் நூற்றுமானம்' இந்த வகையைச் சேர்ந்தது. ஒரு கட்டத்தின் எல்லா நாட்களும் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவுக்கு அது 47 மெகாபைட், கவலையில்லை. வங்கக் கடல் முழுதும், தீர்க்கம் 78 முதல் 100 வரை, அட்சம் 5 முதல் 23 வரை வேண்டுமென்றால் 1 இலட்சத்து 58 ஆயிரத்து 400 கட்டங்கள், 9.3 ஜிகாபைட். அட்ச வாரியாக 10 பட்டைகளாக வெட்டினால் பட்டைக்கு 0.93 ஜிகாபைட், நான் சொன்ன ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுகிறது, இடைக்கால அணிகளுக்கு இடமில்லை. 20 பட்டைகளாக வெட்டுங்கள்.